அந்தப் படத்தில் நிற்கிறவர்

பிலடெல்ஃபியாவுக்கு வேலை மாறி வந்த புதிதில் முடிவெட்டிக்கொள்ளப் போன கடையில், சுவரில் ஒரு பழைய புகைப்படம் மாட்டியிருந்தது. ஒருவர் தரையில் மல்லாந்து கிடக்கிறார். அவருக்கு நினைவில்லை என்பது படத்திலேயே தெரிகிறது. இன்னொருவர் அவருக்கு மேலே நின்றுகொண்டு, முஷ்டியை மடக்கி, வாயைத் திறந்து கத்துகிறார். பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அடிபட்டுக் கிடக்கிறவன் முன்னால் நின்று கொண்டாடுகிற ஆளுக்கு இந்த ஊரில் சுவரில் இடமா என்று தோன்றியது. முடிவெட்டுகிறவர் கண்ணாடியில் என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். "நிற்கிறவர் சக் பெட்னாரிக், எங்கள் ஆள். கிடக்கிறவர் ஃபிராங்க் கிஃபர்ட்" என்றார். அதற்கு மேல் அந்த ஊரில் யாருக்கும் விளக்கம் சொல்லிப் பழக்கமில்லை போலிருக்கிறது.

அன்றிரவு வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். வருடங்கள் ஓடிவிட்டன, இன்னும் விட முடியவில்லை. அந்தப் படத்தைப் பற்றி நான் முதலில் நினைத்தது தவறு என்பதை இந்தக் கட்டுரையில் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்கன் ஃபுட்பால் தெரியாதவர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இது காலால் உதைக்கும் கால்பந்து இல்லை. அணிக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும், எதிரணி தடுக்க வேண்டும். ஆட்டம் மொத்தம் 60 நிமிடம். இன்று தாக்குதலுக்கு ஒரு பதினொரு பேர், தடுப்புக்கு வேறு பதினொரு பேர், உதைப்பதற்கென்று தனி ஆட்கள். பந்து அணி மாறியதும் ஒரு கூட்டம் வெளியே போகும், இன்னொரு கூட்டம் உள்ளே வரும். ஆனால் ஆரம்ப காலத்தில் அப்படி இல்லை. கபடியில் பாடிப் போகிறவனே திரும்பி வந்து பிடிக்கவும் நிற்பதுபோல, பந்தோடு முன்னேறியவர்களே அடுத்த நிமிடம் தடுக்கவும் நின்றார்கள். நினைத்தபடி ஆளை மாற்ற விதி இடம் கொடுக்கவில்லை. போர்க்காலத்தில் ஆள் பற்றாக்குறையால் அந்த விதி தளர்ந்தது, அப்புறம் இறுகியது. 1950-ல் எத்தனை பேரை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நிலைத்துவிட்டது. இரண்டு பக்கமும் ஆடுகிறவர்களின் காலம் அத்தோடு போயிற்று.

பெட்னாரிக் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்கு வந்தது 1949-ல். கதவு மூடப்போகிற நேரத்தில் உள்ளே நுழைந்தவர். அந்தக் கதவைப் பதினோரு வருடம் கழித்துத் தோளால் இடித்துத் திறந்தார் என்பதுதான் அவருடைய கதை.

அவர் பிறந்த பெத்லகேம் பிலடெல்ஃபியாவிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரத் தூரம். இயேசு பிறந்த ஊரின் பெயர்தான். பெயர் அப்படியென்றாலும் அந்த ஊர் வாழ்ந்தது எஃகில். சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு எஃகு போனது இந்த ஊரின் பெயரைத் தாங்கிய பெத்லகேம் ஸ்டீல் நிறுவனத்திலிருந்து. 1995-ல் இங்கே எஃகு உருக்குவது நின்றுவிட்டது. ஊது உலைகளை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். இரவில் வண்ண விளக்கு போடுகிறார்கள், அடியில் கச்சேரி நடக்கிறது. நான் போன மாலையிலும் கச்சேரி. எனக்குப் பாட்டில் மனம் செல்லவில்லை. துருப்பிடித்த அந்தக் குழாய்களை அண்ணாந்து பார்த்தபடி, இதற்குள் தினமும் போய் வந்த ஒருவரின் வீட்டில் பையன் எப்படி வளர்ந்திருப்பான் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் பெட்னாரிக்கின் அப்பா அங்கே வேலை பார்த்தவர். ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். மகன் பிறந்தது 1925 மே 1, தொழிலாளர் தினத்தில். பள்ளிப் படிப்பு முடிந்ததும் உலைக்குப் போவதுதான் அந்தத் தெருப் பையன்களுக்கு வழக்கம். இவருக்கு உலைக்கு முன்னால் போர் வந்தது.

பி-24 ரக குண்டுவீச்சு விமானத்தில் இடைப்பகுதித் துப்பாக்கிக்காரர் வேலை. விமானத்தின் பக்கவாட்டில் ஒரு திறப்பு இருக்கும். அதன் முன்னால் நின்று, எலும்பை உறைய வைக்கும் குளிரில், வருகிற எதிரி விமானங்களைச் சுட வேண்டும். அப்படி ஜெர்மனிக்கு மேலே 30 முறை பறந்து திரும்பினார். போர் முடிந்தபோது வயது இருபது. அவருடைய விளையாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்து போகிறார்கள். என்னால் முடியவில்லை. முப்பது தடவை காலையில் கிளம்பும்போது திரும்பி வருவோமா என்று தெரியாமல் கிளம்பிய ஒருவனுக்கு, மைதானத்தில் எதிரே நூறு கிலோ ஆள் ஓடி வருவது என்ன பெரிய விஷயமாகத் தோன்றியிருக்கும்?

ஊருக்குத் திரும்பியவரை அவருடைய பள்ளிப் பயிற்சியாளர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பக்கம் திருப்பிவிட்டார். 1948-ல் கல்லூரி வீரர்களுக்கான ஹெய்ஸ்மன் விருதுக்கான வாக்கெடுப்பில் மூன்றாவது இடம். அந்த விருது பெரும்பாலும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கும் எறிகிறவர்களுக்கும் போவது. நடுவில் குனிந்து நிற்கிற ஒருவருக்கு அவ்வளவு வாக்கு விழுந்தது அபூர்வம். அடுத்த ஆண்டுக்காக என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக அவரை எடுத்தது ஈகிள்ஸ். முதல் பருவத்திலேயே கோப்பை. லாஸ் ஏஞ்சல்ஸில் கொட்டும் மழையில், சேற்றில் நடந்த இறுதி ஆட்டத்தில் 14-0.

பலதுறைத் திறமை என்றதும் நமக்குக் கண்முன் வருவது பகட்டான ஆட்டம்தான். கிரிக்கெட்டில் ஆல்ரவுண்டர் என்றால் சிக்ஸரும் அடிப்பார், ஸ்டம்பையும் சாய்ப்பார், கைதட்டல் இரண்டுக்கும் உண்டு. பெட்னாரிக் செய்த இரண்டு வேலைகளும் அப்படிப்பட்டவை அல்ல. தாக்குதலில் அவர் சென்டர். குனிந்து, கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் நின்று தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கிடம் கொடுப்பவர். கொடுத்த மறுநொடியே எதிரில் நிற்கிறவன் அவர் மேல் வந்து மோதுவான். தலையைத் தூக்குவதற்கு முன்பே மோதல் ஆரம்பித்துவிடும். பந்து அவரிடம் திரும்பி வராது. அவர் பெயரில் யாரும் ஒரு யார்டுகூடக் கணக்கெழுத மாட்டார்கள். தடுப்பில் அவர் லைன்பேக்கர். அங்கே மோதலை வாங்குகிறவர் இல்லை, கொடுக்கிறவர். எதிரணி எங்கே ஓடப்போகிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, ஓடிப்போய், தோளால் இடித்து, கையால் கட்டிக் கீழே தள்ள வேண்டும். வாங்குவதிலும் கொடுப்பதிலும் ஒரே உடம்பு. பதினான்கு பருவங்களில் அவர் தவறவிட்டது மூன்றே ஆட்டங்கள். எதிரணி எறிந்த பந்தை இடையில் புகுந்து பிடித்தது 20 முறை.

இவ்வளவுக்கும் பருவம் முடிந்தால் சம்பளம் போதாது. அந்தக் கால வீரர்கள் எல்லாரையும்போல அவரும் மற்ற மாதங்களில் வேறு வேலைக்குப் போனார். கான்கிரீட் விற்கும் வேலை. அதனால் வந்த பட்டப்பெயர்தான் கான்கிரீட் சார்லி. அவருடைய முரட்டு உடம்பைப் பார்த்து வைத்த பெயர் என்றுதான் நானும் முதலில் நம்பினேன். வயிற்றுப்பாட்டுக்குப் பார்த்த வேலையிலிருந்து வந்தது என்று தெரிந்தபோது அந்தப் பெயர் எனக்கு இன்னும் பிடித்துப்போனது.

சரி, 1960-க்கு வருகிறேன்.

அவருக்கு 35 வயது. அந்த விளையாட்டில் அது தாத்தா வயது. ஓய்வு பெறுவதாக இருந்தவர் இன்னும் ஒரு வருடம் என்று வந்திருந்தார். சென்டர் வேலை மட்டும்தான், தடுப்புக்கு இளைஞர்கள் இருந்தார்கள். அக்டோபரில் கிளீவ்லாந்தில் நடந்த ஆட்டத்தில் லைன்பேக்கர் பாப் பெல்லெக்ரினி காயம்பட்டு வெளியேறினார். பயிற்சியாளர் பக் ஷா பெட்னாரிக்கை உள்ளே போகச் சொன்னார். போனவர் திரும்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். தாக்குதல் முடிந்து மற்றவர்கள் பெஞ்சுக்குத் தண்ணீர் குடிக்கப் போகும்போது இவர் மட்டும் மைதானத்திலேயே நிற்பார், தடுப்புக்கான மற்ற பத்துப் பேர் வந்து அவரோடு சேர்ந்துகொள்வார்கள். அவர் சட்டை எண்ணும் 60, ஆட்டமும் 60 நிமிடம். தற்செயல்தான். ஆனாலும் இந்த ஊர்க்காரர்கள் அதை ஏதோ முன்பே எழுதிவைத்ததுபோலச் சொல்வார்கள்.

நவம்பர் 20 அன்று நியூயார்க்கில், யாங்கி ஸ்டேடியத்தில், ஜெயன்ட்ஸ் அணியோடு ஆட்டம்.

இங்கே கிடக்கிறவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. ஃபிராங்க் கிஃபர்டும் எல்லாம் செய்யத் தெரிந்தவர். கலிபோர்னியாவில் எண்ணெய்க் கிணறு வேலைக்கு ஊர் ஊராக அலைந்த அப்பாவின் பிள்ளை. ஜெயன்ட்ஸில் முதலில் தடுப்பில் ஆடினார், அப்புறம் பந்தோடு ஓடினார், எறிந்த பந்தைப் பிடித்தார், தானே 14 டச் டவுன்களுக்கு, அதாவது எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு தாண்டி எடுக்கும் புள்ளிகளுக்கு, பந்தை எறிந்தும் இருக்கிறார். நட்சத்திரங்களின் ஆட்டமான ப்ரோ பௌலுக்கு மூன்று வெவ்வேறு இடங்களில் ஆடித் தேர்வானவர். 1956-ல் லீகின் சிறந்த வீரர், அதே ஆண்டு அணிக்குக் கோப்பை. அழகர். விளம்பரப் படங்களில் வருகிற முகம். அந்த அணியில் அவருடைய திறமைகளை ஒழுங்குபடுத்திய தாக்குதல் பயிற்சியாளர் பெயர் வின்ஸ் லொம்பார்டி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, அன்று மோதிக்கொண்ட இருவருமே ஒரு வேலையில் அடங்காதவர்கள். ஒருவர் மைதானத்தின் எல்லா மூலைக்கும் போனவர். மற்றவர் நடுவை விட்டு நகராமல் இரண்டு பக்கமும் நின்றவர். ஒருவர் செய்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. மற்றவர் செய்ததில் பாதி யார் கண்ணிலும் படவில்லை.

ஈகிள்ஸ் 17-10 என்று முன்னிலை. ஆட்டம் முடியப் போகிறது. ஜெயன்ட்ஸ் சமன் செய்யும் வேகத்தில் முன்னேறிக்கொண்டிருந்தது. கிஃபர்ட் நடுவில் குறுக்காக ஓடிப் பந்தைப் பிடித்தார். எதிர்த்திசையிலிருந்து வந்த பெட்னாரிக் நெஞ்சு உயரத்தில் மோதினார். பந்து தெறித்தது. ஈகிள்ஸின் சக் வெபர் அதன் மேல் விழுந்தார். ஆட்டம் ஜெயித்தாயிற்று. பெட்னாரிக் கத்தியது அதற்காக. பந்து யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் அவர் பார்த்தார், கீழே கிடந்தவரின் நிலை அந்த நொடியில் தெரியாது என்று கடைசிவரை சொன்னார். அந்த நொடியில்தான் ஜான் சிம்மர்மன் என்ற புகைப்படக்காரரின் கேமரா சொடுக்கியது.

கிஃபர்டைத் தூக்குப்படுக்கையில் கொண்டுபோனார்கள். மூளை பலமாக அதிர்ந்திருந்தது. அந்தப் பருவத்தின் மீதியும், 1961 முழுவதும் அவர் ஆடவில்லை.

அந்த மோதல் விதிப்படி சரியானது என்று கிஃபர்டே பலமுறை சொல்லியிருக்கிறார். வன்மம் பாராட்டவில்லை. இதைப் படித்தபோதுதான் கடையில் எனக்கு வந்த கோபம் மெல்ல இறங்கியது. முழுவதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பிற்காலத்தில் பெட்னாரிக் அந்தப் படத்தின் பிரதிகளில் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஒரு மனிதர் நினைவிழந்து கிடக்கிற படம் அது. அதில் பெயர் எழுதாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த மாதம், டிசம்பர் 26. இறுதி ஆட்டம். எதிரே கிரீன் பே பேக்கர்ஸ். அதன் தலைமைப் பயிற்சியாளர் அதே லொம்பார்டி. இடம் பிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ளின் ஃபீல்டு, பெட்னாரிக் மாணவராக இருந்தபோது ஆடிய பல்கலைக்கழக மைதானம். 67,325 பேர் கூடியிருந்தார்கள். அன்று பெட்னாரிக் ஆடியது 58 நிமிடம். பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் நேரங்களில் மட்டும் வெளியே நின்றார்.

நான்காம் பகுதியில் 13-10 என்று பேக்கர்ஸ் முந்தியது. ஈகிள்ஸின் இளைஞர் டெட் டீன் உதைபந்தைப் பிடித்து 58 யார்டு ஓடினார், சற்று நேரத்தில் அவரே டச் டவுனும் போட்டார். 17-13. கடைசிச் சில நொடிகள். பேக்கர்ஸ் குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் பந்தை ஜிம் டெய்லரிடம் எறிந்தார். டெய்லர் எளிதில் விழுகிற ஆள் இல்லை, பிடிக்க வந்தவர்களை உதறிக்கொண்டு எல்லைக் கோட்டை நோக்கி வந்தார். கோட்டுக்குச் சுமார் பத்து யார்டு முன்னால் பெட்னாரிக் நின்றார். கட்டிப்பிடித்துக் கீழே சாய்த்தார். சாய்த்தவர் எழவில்லை. டெய்லர் எழுந்துவிட்டால் பேக்கர்ஸுக்கு இன்னொரு முயற்சிக்கு நேரம் கிடைத்துவிடும். கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும்வரை அவர் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்தக் காட்சியின் படச்சுருளைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். 35 வயது, 58 நிமிட ஆட்டம், ஆரம்பத்திலிருந்து மற்ற எல்லாரையும்விட இரண்டு மடங்கு மோதல் வாங்கிய உடம்பு. அந்த உடம்பு சரியான இடத்தில் போய் நிற்கிறது. ஓடிப் பிடிக்கவில்லை, முன்கூட்டியே அங்கே இருந்தார். இந்த ஒன்றுக்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். லொம்பார்டி அதற்கப்புறம் இறுதிக்கட்ட ஆட்டம் எதிலும் தோற்கவே இல்லை. இன்று லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலின் கோப்பைக்கு அவர் பெயர்தான். ஈகிள்ஸ் மறுபடி லீகை வென்றது 2018 பிப்ரவரியில். நடுவே 57 ஆண்டுகள்.

பெட்னாரிக் 1962 பருவத்தோடு ஓய்வு பெற்றார். 1967-ல் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள். அவருடைய கைகளைப் படத்தில் பார்த்திருக்கிறீர்களா? விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைக் காட்டும். சுண்டுவிரல் கையை விட்டுத் தனியாகச் செங்கோணத்தில் ஒதுங்கி நிற்கும். முறிந்த கிளை அப்படியே காய்ந்து போனால் எப்படியிருக்குமோ அப்படி. கேட்கிறவர்களிடம் அந்தக் கையை நீட்டிக் காட்டுவார், பெருமையோடுதான்.

வயதான காலத்தில் கசப்பு நிறைந்தவராக இருந்தார். இன்றைய வீரர்களின் கோடிக்கணக்கான சம்பளம், ஆட்டம் முடிந்தும் களைக்காத அவர்கள் முகம், எல்லாமே அவருக்கு எரிச்சல். ஈகிள்ஸின் முதலாளியோடு தன்னுடைய புத்தகத்தின் பிரதிகளை வாங்குவது பற்றிய ஒரு பிணக்கு. அந்தக் கோபத்தில் 2005-ல் ஈகிள்ஸ் சூப்பர் பௌலுக்குப் போனபோது எதிரணி ஜெயிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். பிறகு சமாதானமானார். இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. கடைசி ஆளாக ஒரு வேலையைச் செய்துவிட்டு, அந்த வேலையே இல்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கசப்பு அது. பெத்லகேமின் உலைகளில் வேலை பார்த்தவர்களிடமும் அப்படி ஒன்று இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1990-களில் டெயன் சாண்டர்ஸ் என்ற நட்சத்திரம் இரண்டு பக்கமும் ஆடினார். பெட்னாரிக்கிடம் கேட்டார்கள். பந்தைப் பிடிக்கிறவனும் பிடிக்கிறவனை விரட்டுகிறவனும் ஓரத்தில் ஓடுகிறவர்கள், அதெல்லாம் நடுவில் நின்று மோதுவதற்கு ஈடாகாது என்கிற தொனியில்தான் பதில் வந்தது. அப்போது யாருக்கும் தெரியாது, 2024-ல் அதே சாண்டர்ஸ் கொலராடோவில் பயிற்றுவித்த டிராவிஸ் ஹன்டர் என்ற பையன், இரண்டு பக்கமும் ஆடி ஹெய்ஸ்மன் வாங்குவான், சிறந்த கல்லூரித் தடுப்பு வீரருக்கான விருதும் அவனுக்கே போகும் என்று. அந்த விருதின் பெயர் சக் பெட்னாரிக் விருது.

அதைப் பார்க்க அவர் இல்லை. 2015 மார்ச் 21 அன்று, 89 வயதில் காலமானார். சில நாள் உடல்நலக் குறைவு என்று அணி அறிவித்தது. அவருடைய மூத்த மகள் மறுத்தார். அப்பாவுக்குப் பல வருடங்களாகவே ஞாபக மறதி நோய், ஆட்டத்தில் வாங்கிய அடிகளுக்கும் அதில் பங்குண்டு என்றார். ஐந்து மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 9 அன்று கிஃபர்ட் போய்ச் சேர்ந்தார். வயது 84. குடும்பத்தார் அவர் மூளையை ஆய்வுக்குக் கொடுத்தார்கள். நவம்பரில் முடிவு வந்தது: தலையில் மீண்டும் மீண்டும் அடிபடுவதால் வருகிற சி.டி.ஈ. எனும் மூளைச் சிதைவு. படத்தில் நிற்கிறவர், கிடக்கிறவர் என்று இரண்டு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் இத்தனை நாளும். அந்தச் செய்திகளை அடுத்தடுத்து வைத்துப் படித்த அன்று, அந்த மோதலில் ஜெயித்தவர் யார் என்ற கேள்வியே எனக்குள் மறைந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு அந்த விளையாட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டேனா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். விடவில்லை. ஆனால் மோதல் நடந்ததும் முன்புபோல என் கண் பந்தைத் தேடிப் போவதில்லை. விழுந்தவர் எழுந்துவிட்டாரா என்று முதலில் பார்க்கிறேன்.

இன்னொரு விஷயம். கிஃபர்ட் 1962-ல் திரும்பி வந்தார். ஓடுவதை விட்டு, ஓரத்திலிருந்து பந்து பிடிக்கும் இடத்துக்கு மாறி, முப்பது வயதுக்கு மேல் அதைப் புதிதாகக் கற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டே அந்த இடத்தில் ஆடி ப்ரோ பௌலுக்கும் போனார். 1962 பெட்னாரிக்கின் கடைசிப் பருவம். அந்த ஆண்டு ஈகிள்ஸும் ஜெயன்ட்ஸும் இரண்டு முறை மோதின, ஒருமுறை பிலடெல்ஃபியாவில், ஒருமுறை நியூயார்க்கில். ஒரு பக்கம் எண் 60, மறுபக்கம் எண் 16. இரண்டு ஆட்டத்தையும் ஜெயன்ட்ஸ் ஜெயித்தது.

அந்த ஆட்டங்களின் படம் எந்தக் கடைச் சுவரிலும் மாட்டி நான் பார்க்கவில்லை. பழைய பத்திரிகைகள் விற்கும் இடங்களுக்குப் போகும்போதெல்லாம் கேட்கிறேன்.